‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று திரை கேட்டால்: புதுக் கீயா, மலிவுக் கீயா, கிராக்கா, லினக்ஸா?

மெதுவாக ஓடும் பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடச் சொல்கிறோம். கடைக்காரர் போட்டு, ஃபார்மட் அடித்து, புதிதாக ஓஎஸ் ஏற்றித் தருகிறார். வேகம் பிரமாதம். ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், “சார், ஒரிஜினல் கீ தனியா வாங்கணும், இல்லன்னா நானே ஆக்டிவேட் பண்ணிக் கொடுத்துடறேன்” என்கிறார். கீ என்பது விண்டோஸைப் பயன்படுத்தும் உரிமைக்கான 25 எழுத்துக் குறியீடு; அவரே பண்ணிக் கொடுப்பது பெரும்பாலும் கிராக், அதாவது உரிமை இல்லாமலே ஆக்டிவேட் ஆனதாகக் காட்டும் திருட்டு நிரல். இணையத்தில் தேடினால் சில நூறு ரூபாய்க்கே கீ கிடைக்கிறது. வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போட்டுவிடலாம் என்கிறது.

இப்படிப் பல வழிகள் கண்முன்னே நிற்கும்போது எது மலிவு என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறோம். என் கருத்தில் அந்தக் கணக்கைத் தள்ளிவைக்க வேண்டும். உங்கள் கணினிக்கு ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் பதில் ‘இருக்கிறது’ என்பதுதான். பணம் கொடுத்து வாங்கிய ஒன்றை மறுபடியும் வாங்கப் போகிறோம், அதுவும் திருட்டுச் சந்தையில்.

கீ எங்கே இருக்கிறது?

வீட்டுப் பயனாளர் கையில் இருக்கக்கூடிய லைசென்ஸ் முக்கியமாக மூன்று வகை. லேப்டாப்போடு வருவது ஓஇஎம். கடையிலோ மைக்ரோசாஃப்ட் தளத்திலோ தனியாக வாங்குவது ரீடெய்ல். நிறுவனங்கள் மொத்தமாக எடுப்பது வால்யூம். ஓஇஎம் என்பது மின் இணைப்பு மாதிரி, வீட்டை விட்டுப் போகும்போது கழற்றி எடுத்துப் போக முடியாது. ரீடெய்ல், கேஸ் கனெக்‌ஷன் மாதிரி, போகிற ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்க வேண்டும், அவ்வளவே.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, லேப்டாப் நிறுவனங்கள் கீயை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவதை விட்டுவிட்டு, மதர்போர்டில், கணினியைத் தொடங்கிவைக்கும் யுஇஎஃப்ஐ நிரல் இருக்கும் சிப்புக்குள்ளேயே எழுதி அனுப்புகின்றன. ஹார்டு டிஸ்கை மாற்றினாலும், ரேம் கூட்டினாலும், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது அங்கேயே இருக்கும். விண்டோஸை ஏற்றும் நிரல் அந்தச் சிப்பைப் படித்து, கீ எந்த எடிஷனுக்கு (ஹோம், புரோ போன்ற வகைக்கு) உரியதோ அதைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இன்டர்நெட் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். நாம் ஓர் எழுத்துகூட அடிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த இரண்டு வரி ஏன் வந்தது? கடைக்காரர் பென்டிரைவ்தான் காரணமாக இருக்கும். பல கடைகளில் எல்லாக் கணினிக்கும் ஒரே பென்டிரைவ், அதில் ஒரே எடிஷன், பெரும்பாலும் புரோ. இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்புகள் பலவும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ எடிஷனோடு வருபவை. போர்டில் இருப்பது ஹோம் கீ, ஏற்றியிருப்பது புரோ, இரண்டும் ஒட்டாது. லைசென்ஸ் போய்விடவில்லை. எடிஷன்தான் தப்பு.

இதைச் சோதிப்பது சுலபம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஷோகீபிளஸ்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. திறந்தால் போர்டில் உள்ள ஓஇஎம் கீயையும் அது எந்த எடிஷனுக்கு உரியது என்பதையும் காட்டும். செயலி எதுவும் வேண்டாம் என்பவர்கள், விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்தி வரும் ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடிக்கலாம். இப்போது ஏற்றியிருக்கும் எடிஷன் எது, அதன் லைசென்ஸ் எந்த வகை, கீயின் கடைசி ஐந்து எழுத்து என்ன என்று ஒரு சிறு பெட்டி சொல்லும். ‘ஓஇஎம்_டிஎம்’ என்று வந்தால் போர்டில் உள்ள கீதான் வேலை செய்கிறது. ‘வால்யூம்’ என்று வந்தால், அதுவும் அது அலுவலகக் கணினி இல்லை என்றால், யாரோ உங்களுக்காக வேறொரு வேலை பார்த்திருக்கிறார்கள். ‘ரீடெய்ல்’ என்று வந்து, கடைசி ஐந்து எழுத்து ‘3வி66டி’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது புரோ எடிஷனுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பொதுக் கீ. பக்கத்து வீட்டுக் கணினியிலும் அதையே பார்க்கலாம். அதை எழுதி வைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். பாதி அழிந்த அந்த 25 எழுத்துகளைப் படிக்க ஒரு குறிப்பு: அந்தக் கீக்களில் ஆங்கில உயிரெழுத்துகளும் பூஜ்யமும் ஒன்றும் ஐந்தும் வராது. பூஜ்யம் மாதிரித் தெரிந்தால் அது கியூ அல்லது டி. ஆனால் இவ்வளவு பாடுபட்டுப் படித்தாலும் இன்று அதை வைத்து விண்டோஸ் 10, 11 ஏற்ற முடியாது. இலவச மேம்படுத்தல் 2016 ஜூலை 29-ஆம் தேதியோடு முடிந்ததாக அறிவித்த பிறகும் பழைய கீக்கள் வருடக்கணக்கில் ஏற்கப்பட்டுவந்தன. 2023 செப்டம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை மூடியது. அதற்கு முன்பே அந்தக் கணினியில் ஒருமுறை முறையாக விண்டோஸ் 10 ஏறியிருந்தால் கவலை இல்லை. கணினியின் அடையாளம் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். ஏற்றும்போது ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே எடிஷனைப் போட்டால் போதும்.

சரியான எடிஷனை மறுபடி ஏற்றுவது

ஹோமிலிருந்து புரோவுக்குப் போவது என்றால் அமைப்புகளில் கீயை மாற்றினாலே போதும். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க அந்த வசதி இல்லை. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் கடைக்காரர் புரோ போட்டிருந்தால், எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து நாமே தயாரித்துக்கொள்வது நல்லது. பணச்செலவு பென்டிரைவ் விலைதான். தரவுகளை முதலில் வேறிடத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் இடையில் நிறுத்துபவை மூன்று. முதலாவது, டிஸ்கே தெரியாமல் போவது. இன்டெலின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய சிப்பும் உள்ள பல லேப்டாப்புகளில் டிஸ்கைக் கையாளும் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்குரிய டிரைவர் இல்லாமல் ஏற்றும் நிரலுக்கு எஸ்எஸ்டி கண்ணில் படாது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் ‘ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை எடுத்து, விரித்து, அதே பென்டிரைவில் போட்டுவைத்து, டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் உடனே தெரியும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புகளில் விஎம்டியை அணைத்தும் வேலையை முடிக்கலாம். ஆனால் பழைய விண்டோஸ் இன்னும் டிஸ்கில் இருந்தால் அதன்பின் அது பூட் ஆகாது.

இரண்டாவது, ‘இந்த டிஸ்க் ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் ஏற்ற முடியாது’ என்ற செய்தி. டிஸ்க் புதிய முறையில் (ஜிபிடி) பிரிக்கப்பட்டிருக்க, பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்கை அழிக்க வேண்டாம். மறுபடி பூட் மெனுவுக்குப் போய், அதே பென்டிரைவ் பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது: நீலத்திரையில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்பது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் ஹோம் எடிஷனிலும் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதன்பின் பயாஸில் எதையாவது மாற்றினாலோ போர்டை மாற்றினாலோ அந்த எண்ணைக் கேட்கும். எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எண்ணும் இல்லை, கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில்லை என்றால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை மீட்க யாராலும் முடியாது. எனவே பயாஸைத் தொடுவதற்கு முன் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

பிழை எண் என்ன சொல்கிறது?

எல்லாப் பிழை எண்ணும் ‘0எக்ஸ்’ என்று தொடங்கும். அதற்குப் பின் வருவதைப் பாருங்கள். ‘சி004எஃப்050’ என்றால் கீ தவறு, அல்லது வேறு எடிஷனின் கீ. ‘சி004சி008’ என்றால் அந்தக் கீ அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. ‘சி004சி003’ என்றால் மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கிவிட்டது. மலிவுக் கீ வாங்கியவர்களுக்கு அறிமுகமான எண். ‘சி004எஃப்213’ போர்டு மாறியதைக் காட்டுவது. ‘சி004எஃப்074’ வந்தால், ஓர் அலுவலக சர்வரைத் தேடிக் கிடைக்காமல் உங்கள் கணினி தவிக்கிறது. வீட்டுக் கணினி எதற்கு அலுவலக சர்வரைத் தேடுகிறது என்று யோசித்தால் கடைக்காரர் செய்த வேலை புரிந்துவிடும்.

எண்ணைத் தேடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் தேதியைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சர்வரோடு ஒழுங்காகப் பேசவே முடியாது.

போர்டே மாறிவிட்டால் கதை வேறு. ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விடும்; வாரன்டியில் நிறுவனமே மாற்றிக் கொடுத்தால் மட்டும் புது போர்டிலும் கீயை எழுதித் தரும். ரீடெய்ல் வைத்திருப்பவர்கள், மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரில் ‘சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ளலாம். இந்த இணைப்பு வசதி 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஆண்டுவிழாப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. போர்டு போன பிறகு நினைத்து வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

உண்மையிலேயே லைசென்ஸ் இல்லை என்றால்

இங்கேதான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

ரீடெய்ல் கீ நேர்வழி, விலையும் அதிகம். அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோம் 139 டாலர், புரோ 199 டாலரை ஒட்டி. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்கு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போர்டு மாற்றுபவருக்கு, இது கட்டுப்படியாகும். ஆறேழு வயதான லேப்டாப்புக்கு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் முறைப்படி ஓடுவது விண்டோஸ் 10 மட்டும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்துத் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது: 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இது நல்ல இடைக்கால ஏற்பாடு. புதிதாகக் கீ வாங்கிவிட்டு இதில் சேர்வது என்பது கிழிந்த சட்டைக்குத் தங்கப் பொத்தான்.

சில நூறு ரூபாய்க் கீதான் என் பட்டியலில் கடைசி. கிராக்கைக்கூட அதற்கு முன்னால் வைக்கலாமா என்று யோசிக்கத் தோன்றும் அளவுக்கு. அவை எங்கிருந்து வருகின்றன? ஏதோ ஒரு நிறுவனத்துக்கு இத்தனை கணினிகளுக்கு என்று கொடுத்த வால்யூம் கீயைத் துண்டு போட்டு விற்பது. மென்பொருள் எழுதுபவர்கள் சோதனைக்காகச் சந்தாவில் பெறும் கீயை விற்பது. உடைத்துப் போட்ட பழைய கணினிகளின் ஓஇஎம் கீயைச் சுரண்டி எடுத்து விற்பது. ‘லைஃப்டைம்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். யாருடைய லைஃப் என்று போட்டிருக்காது. பலருக்கு வருடக்கணக்கில் பிரச்சினையின்றி ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கீ வேலை செய்வது வேறு, லைசென்ஸ் இருப்பது வேறு. மொத்த லைசென்ஸின் ஒரு துண்டை விற்பவரிடம் வாங்கியவருக்கு, அந்த நிறுவனத்துக்குள் வேலை செய்யாதவரைக்கும், எந்த உரிமையும் கிடைப்பதில்லை. பணமும் போய், நிலைமை பழையபடியே இருக்கிறது. தொழில் நடத்துபவர் ஆடிட்டின்போது அந்த ரசீதை நீட்டினால் நிலைமை இன்னும் மோசம்.

கிராக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் ஆபத்தும் தெரியும். பெரிய நிறுவனங்களில் கேஎம்எஸ் என்ற சர்வர் ஒன்றை வைத்திருப்பார்கள். குறைந்தது 25 கணினிகள் அதைத் தொடர்புகொண்டால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். செய்தாலும் 180 நாட்களுக்குத்தான், இடையில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிராக் நிரல், உங்கள் கணினிக்குள்ளேயே அப்படியொரு போலி சர்வரை உட்கார வைக்கிறது. புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அது நிரந்தரமாக, நிர்வாகி அதிகாரத்தோடு, உள்ளேயே குடியிருக்கும். அதை ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்தபிறகு அதோடு சேர்ந்து எது வந்தாலும் தடுக்க ஆள் இல்லை. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், ‘கேஎம்எஸ்பிகோ’ என்ற பெயரில் உலவிய நிரல்களோடு ‘கிரிப்ட்பாட்’ வந்ததை வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடுவது அதன் வேலை. அதே லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங் செய்கிறோம், வருமான வரி கட்டுகிறோம். ஸ்கிரிப்ட் வகை கிராக்குகளில் வைரஸ் இல்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், லைசென்ஸும் இல்லையே.

ஆக்டிவேட் செய்யாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த இரண்டு வரி இருக்கும். வால்பேப்பர், நிறம், தீம் ஆகியவற்றை அமைப்புகளில் மாற்ற முடியாது. அப்டேட்கள் வருகின்றன, நிரல்கள் ஓடுகின்றன. உரிம ஒப்பந்தப்படி இது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு அல்ல; நிரந்தரமாக இப்படி வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் புது அசெம்பிள் கணினியில் டிரைவர்கள் சரியாக வருகின்றனவா, சூடாகிறதா, கீ வாங்கும் அளவுக்கு இது தேறுமா என்று பார்க்கிற சில நாட்களுக்கு இதைவிட வசதியான நிலை இல்லை. அவசரப்பட்டு மலிவுக் கீ வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

லினக்ஸில் கீ என்ற பேச்சே கிடையாது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத, ஆனால் நான்கைந்து வருடம் ஓடக்கூடிய லேப்டாப்புக்கு என் முதல் தேர்வு இதுதான். லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டும் 2024-இல் வந்தவை, இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் உடனே பிடிபடும். ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் டாலி வைத்திருப்பவர்கள், பழைய பேஜ்மேக்கர் கோப்புகளோடு வாழும் அச்சகத்தார், போட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அப்புறம் பிரின்டர். ஜெராக்ஸ் கடையிலும் வீட்டிலும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிரவுசர், வாட்ஸ்அப் வெப், பிள்ளைகளின் பாடம், யூடியூப், கொஞ்சம் கடிதம், கணக்கு என்று இருப்பவர்களுக்குத் தயங்கக் காரணமே இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்தத் தலைவலியை வாங்கும் இடத்திலேயே தவிர்க்க முடியும். அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகள் நல்ல விலையில் கிடைக்கின்றன. பெரும்பாலும் போர்டில் புரோ கீயோடு இருக்கும், ஆனால் பழைய நிறுவனத்தின் வால்யூம் பதிப்பு மேலே ஏறியிருக்கும், அல்லது விற்பவரே கிராக் போட்டிருப்பார். பணம் கொடுப்பதற்கு முன் மேலே சொன்ன எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். ‘வால்யூம்’ என்று வந்தால், ஷோகீபிளஸில் போர்டுக் கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கி வந்து நீங்களே சுத்தமாக ஏற்றிக்கொள்ளலாம். இல்லை என்றால் கீயின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள், அல்லது லினக்ஸ் போடுவதாக முடிவு செய்து அதற்கேற்ற விலைக்குக் கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் அங்கீகாரம் பெற்று, பழைய கணினிகளைப் புதுப்பித்து முறையான லைசென்ஸோடு விற்பவர்களும் இருக்கிறார்கள்; சற்று விலை கூடுதலாக இருந்தாலும், பில்லில் எடிஷன் பெயரைக் குறிப்பிட்டுத் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கோ பிட்லாக்கர் பூட்டோ இருந்தால், அவர் எதிரிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.